தொய்வு அறிந்த கை

சித்திரையும் வைகாசியும் புதுக்கோட்டைச் சீமையில் டோசர் இறங்கும் காலம். கண்மாய் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரையைப் பலப்படுத்தவும், வண்டலை ஒதுக்கவும், சீமைக்கருவேலத்தைத் தூரோடு தள்ளவும், அடுத்த மழைக்குள் மேட்டுக்காட்டைச் சமப்படுத்தவும் அந்த வண்டிதான் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் டோசர் சில ஊர்களுக்கு வரும். மற்ற ஊர்களில் தனியார் வண்டி. குடிமராமத்து மறுபடி தொடங்கிய 2017-லும், கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன 2018 நவம்பருக்குப் பிறகும் செயின் வண்டிகளின் இரைச்சல் கேட்காத கிராமம் இந்தப் பக்கம் குறைவு. 2019-ல் கொத்தமங்கலத்து இளைஞர்கள் தாங்களே முன்வந்து குளங்களைத் தூர்வார வண்டி இறக்கியதை ஆலங்குடி வட்டாரம் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறது.

அந்த இரைச்சல் திடீரென்று நின்றால், கரையில் இருப்பவர்கள் தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார்கள்: "செயின் கழண்டுருச்சு."

செயினைத் திரும்ப ஏற்றும் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் சித்தன்னவாசல் ஓவியத்தையும் பார்க்க வருகிறவர்களுக்கு இதே மாவட்டத்தில் சொல்லிக் காட்டவேண்டிய கலை இது என்று உண்மையாகவே நம்புகிறேன். பார்வையாளர் கூட்டம் இதற்கு உண்டு. நல்லதை நல்லது என்று தெரிந்து பார்க்கும் கண்தான் குறைவு.

முதலில் அந்தச் செயின் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். பத்து டன் அளவுள்ள சிறு டோசரில் ஒரு பக்கச் செயின் மட்டுமே அரை டன்னைத் தாண்டும். முப்பத்தைந்து நாற்பது கண்ணிகள், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், ஒரு புஷ், வெளியே மண்ணைப் பற்றும் ஷூ. பின்னால் பல் வைத்த ஸ்ப்ராக்கெட் இதைச் சுற்றுகிறது. முன்னால் பல்லில்லாத பெரிய சக்கரமான ஐட்லர் இதைத் திருப்பி அனுப்புகிறது. கீழே ஐந்தாறு ரோலர்கள் வண்டியின் பாரத்தை இதன்மேல் இறக்குகின்றன, மேலே ஒன்றிரண்டு ரோலர்கள் தாங்கிப் பிடிக்கின்றன. இத்தனை இரும்பும் சேர்ந்து மண்ணை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோதான். நடக்கிற மனிதனின் ஒற்றைக்கால் அழுத்துவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதனால்தான் லாரி புதைகிற கண்மாய் ஈரத்தில் டோசர் நடந்து போகிறது. அமெரிக்காவில் ஸ்டாக்டன் ஊரை ஒட்டிய சதுப்பு வயலில் பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் தன் நீராவி டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயின் மாட்டிப் பார்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி கம்பெனியின் டேவிட் ராபர்ட்ஸ் அதே ஆண்டு தன் செயின் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையைப் பின்னர் ஹோல்ட் கம்பெனியே வாங்கிக்கொண்டது. சேற்றுக்காகப் பிறந்த பொருள், இங்கே சேற்றுக்கும் சரளைக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

கண்மாயில் செயின் கழல்வது பெரும்பாலும் களியால். ஈரக்களி ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கெட்டித்துப்போனால் செயின் பல்லின் அடிவரை உட்காராது, மிதந்தபடி சுற்றும். கருவேலந்தூர் ஒன்று ரோலருக்கும் செயினுக்கும் இடையில் புகுந்தாலும் கதை முடிந்தது. கரைச்சரிவில் பின்னால் எடுத்தபடியே வண்டியைத் திருப்புவது எல்லாவற்றையும்விட மோசம். அந்த நேரத்தில் செயினின் கீழ்ப்பகுதி தளர்ந்திருக்கும். சரிவில் வண்டியின் பாரம் பக்கவாட்டில் தள்ளும். செயின் ஐட்லரைவிட்டு வெளியே வந்து படுத்துவிடும்.

தேர்ந்த மெக்கானிக் வந்ததும் வண்டியைப் பார்ப்பதில்லை, மண்ணைப் பார்க்கிறார். ஷூ பதிந்த தடத்தை ஒட்டியே கொஞ்சதூரம் பின்னால் நடப்பார். எங்கே தடம் வளைகிறது, அந்த வளைவில் எந்தப் பக்கம் மண் உழப்பட்டிருக்கிறது, தூர் ஏதாவது கிழிந்து கிடக்கிறதா. ஆபரேட்டரிடம் "எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்பது மரியாதைக்காக. பதில் ஏற்கெனவே தரையில் இருக்கிறது. வெளிப்பக்கமாகக் கழன்றதா உட்பக்கமாகவா, ஐட்லரில் மட்டும் விலகியதா ஸ்ப்ராக்கெட்டையும் விட்டுவிட்டதா என்பதெல்லாம் அடுத்தது. ஸ்ப்ராக்கெட்டில் நாலு பல்லாவது பிடித்துக்கொண்டிருந்தால் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்த நாலு பல்லை வைத்துக்கொண்டு மீதியைச் சாதித்துவிடலாம்.

அடுத்து மண்வெட்டி வேலை. ரோலர் இடுக்கில், ஐட்லர் நகரும் தடத்தில், பல்லுக்கு அடியில் ஒட்டிய களியை எல்லாம் கடப்பாரை நுனியால் கெல்லி எடுப்பார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் சலித்துப்போய் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவசரக்காரரும் தேர்ந்தவரும் பிரிவது இங்கேதான் என்பேன். களியை விட்டுவிட்டு நெம்புகிறவர், இரும்போடு அல்ல, மண்ணோடு மல்லுக்கு நிற்கிறார்.

பிறகு தொய்வு. இந்தக் கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஐட்லருக்குப் பின்னால் ஒரு சிலிண்டர் உண்டு. அதற்குள் கிரீஸ் ஏற்றினால் ஐட்லர் முன்னால் போய்ச் செயின் விறைக்கும். வால்வைத் திறந்து கிரீஸை விட்டால் ஐட்லர் பின்வாங்கும், செயின் தளரும். அந்தக் கிரீஸ் கொடிய அழுத்தத்தில் இருப்பது. வால்வை மொத்தமாகத் திருகினால் ஊசிபோலப் பாய்ந்து தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்கவேண்டி வந்த கதைகள் உலகமெங்கும் உண்டு. ஒரு சுற்றுக்கு மேல் திருகாதே, முகத்தை நேரே வைக்காதே என்று எல்லாக் கையேடுகளும் எச்சரிக்கின்றன. நல்ல மெக்கானிக் ஒதுங்கி நின்று, ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பிவிட்டுக் காத்திருப்பார். கிரீஸ் புழுவாக நெளிந்து வரும். அவருடைய பொறுமையைப் பார்ப்பதே ஒரு சுகம்.

செயினைக் கழற்றியது தொய்வு. அதை ஏற்றுவதும் தொய்வுதான். பார்க்கிறவர்களுக்குப் பலம்தான் வேலை செய்வதாகத் தோன்றும், ஆளைக் கூட்டி இன்னும் இரண்டு கடப்பாரை கொண்டுவரச் சொல்வார்கள். தெரிந்தவர் பலத்தைத் தேடமாட்டார். கிடைத்த தொய்வு முழுவதையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றுதான் யோசிப்பார். ஏனென்றால் தொய்வை இடம் மாற்ற முடியும். முன்னோக்கிச் சுற்றினால் செயினின் கீழ்ப்பாதியை ஸ்ப்ராக்கெட் இழுக்கும், மேற்பாதி தளரும். பின்னோக்கிச் சுற்றினால் மேற்பாதி விறைத்துக் கீழ்ப்பாதி தளரும். ஐட்லரின் தலையில் இரண்டு விரல் இடம் வேண்டுமென்றால் முன்னால் அரைச் சுற்று. அடியில் வேண்டுமென்றால் பின்னால். சேர்ந்த தொய்வு ஓடிப்போகாமலிருக்க, எதிர்முனையில் கண்ணிக்குள் ஒரு இரும்புத் துண்டைச் செருகி நிறுத்துவார். இதையெல்லாம் எந்தப் பள்ளியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இளவயதில் ஒரு பெரிய மெக்கானிக்கிடம் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகப் போய், பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

வண்டியைத் தூக்குவதிலும் ரசனைக்கு இடமிருக்கிறது. ஹிட்டாச்சி என்று இங்கே சொல்லும் மண் அள்ளும் வண்டியில் செயின் கழன்றால் பாதிக் கவலை இல்லை. கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பக்கெட்டைத் தரையில் ஊன்றினால் அந்தப் பக்கம் தானே எழும்பிவிடும். டோசருக்கு அந்தக் கை கிடையாது. பிளேடை ஊன்றினால் முன்பக்கம் மட்டும் எழும்பும். அதற்குள் வயிற்றடியில் பனந்துண்டோ பழைய ஸ்லீப்பர் கட்டையோ கொடுத்துவிடவேண்டும், பின்பக்கத்துக்கு ஜாக்கி. கண்மாய்க் களியில் ஜாக்கியை வைத்தால் ஜாக்கிதான் உள்ளே போகும். ஆகவே அடியில் பலகை. இதெல்லாம் வேண்டாம் என்று, வண்டியைத் தூக்காமல் மண்ணை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாரத்தைக் கட்டையில் நிறுத்திவிட்டுச் செயினுக்கு அடியில் பள்ளம் பறித்தால் செயின் தானே தொங்கிக்கொள்ளும். எனக்கு இந்த முறைதான் அழகாகப் படுகிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஊரில், பாதி வேலையை மண்வெட்டியிடமே விட்டுவிடுவது பொருத்தமாகவும் இருக்கிறது.

இனி ஏற்றுவது. பழைய டோசரில் இரண்டு லிவர். எந்தப் பக்க லிவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கத்துக்குப் போகும் ஓட்டம் அறுந்துவிடும். நல்ல பக்கத்தை அப்படி அறுத்து பிரேக்கும் பிடித்துக்கொண்டால் கெட்ட பக்கம் மட்டும் சுற்றும். ஐட்லரின் விளிம்புக்கும் கண்ணிக்கும் நடுவே கடப்பாரையைச் சாய்த்துக் கொடுக்கிறார் மெக்கானிக். செயின் அதன்மேல் வழுக்கி ஏறவேண்டும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தேரை இழுப்பது வடம் பிடிக்கும் நூறுபேர்தான், ஆனால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சக்கரத்தடியில் போன ஒரு மரத்துண்டு தீர்மானிக்கிறது. இங்கேயும் ஓட்டம் எஞ்சினுடையது, வழி கடப்பாரையுடையது. கொடுக்கும் சாய்வு கொஞ்சம் கூடினால் கம்பி தெறிக்கும். குறைந்தால் செயின் விளிம்பில் ஏறாமல் உரசிக்கொண்டே போகும்.

இந்த நேரத்தில் இரண்டு பேருக்கு நடுவே நடப்பதைக் கவனிக்கவேண்டும். சீட்டில் இருப்பவருக்கு ஐட்லர் தெரியாது. கீழே இருப்பவருக்கு லிவர் எட்டாது. எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. எல்லாம் விரலில்தான். ஆள்காட்டி விரல் மெல்லச் சுழன்றால் முன்னால். விரித்த உள்ளங்கை நின்றால் நிறுத்து. வாய் என்னவோ "லேசா மாப்ள, லேசா... போதும், நிப்பாட்டு!" என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கும், ஆபரேட்டரின் கண் அந்த விரலைவிட்டு அகலாது. கை உள்ளே போகவேண்டும் என்றால் எஞ்சின் அணைந்திருக்கவேண்டும். சுற்றும்போது உள்ளே போவது கம்பி மட்டும். இந்த ஒழுங்கை ஒரு விரல் குறைந்த பிறகு கற்றுக்கொண்ட மெக்கானிக்குகளும் உண்டு. அவர்கள் பையன்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான், ஸ்பேனர் சைஸ் எல்லாம் அப்புறம்.

கண்ணி ஐட்லர் நடுவில் வந்து விழும்போது ஒரு சத்தம் கேட்கும். உலோகம் உரசிய கீச்சல் சட்டென்று நின்று "டக்" என்று ஒன்று. அடுத்த கண்ணி, இன்னொரு "டக்". மூன்றாவது விழுந்துவிட்டால் மெக்கானிக் கடப்பாரையை உருவிக்கொண்டு பின்வாங்குவார். மீதியைச் செயினே பார்த்துக்கொள்ளும்.

மாஸ்டர் பின்னை அடித்துக் கழற்றிச் செயினைப் பிரித்து, தரையில் நீட்டிப் போட்டு, அதன்மேல் வண்டியை ஏற்றி, மறுபடி கோத்துப் பின்னை அடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். இரண்டு முனையும் விட்டுப்போய்ச் செயின் முறுக்கிக்கொண்டு கிடந்தால் வேறு வழி இல்லை. அதற்கும் சம்மட்டி பிடிக்கத் தெரியவேண்டும். என்றாலும் ஐட்லரில் மட்டும் விலகிய செயினைப் பார்த்த உடனே மாஸ்டர் பின்னைத் தேடுவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. துருவேறிய பின் சம்மட்டிக்கு மசியாமல் காஸ் வைத்து வெட்டவேண்டி வந்தால், கண்ணியின் கெட்டித்தன்மை சூட்டில் கெடுகிறது. ஒரு மத்தியானத்தை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு செயினின் ஆயுளைக் கொடுப்பது வண்டிக்காரருக்கு நல்லதல்ல.

ஏற்றியாயிற்று. கிரீஸ் கன்னால் திரும்ப அடிக்கிறார்கள். பையன்கள் செயின் விறைப்பாகும்வரை அடிக்க ஆசைப்படுவார்கள். மறுபடி கழலக்கூடாது என்ற பயம். பெரியவர் கன்னை வாங்கி வைத்துவிடுவார். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே ஒரு நேர்க்கம்பியை வைத்தால் நடுவில் செயின் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது தெரியும். 20 முதல் 30 மில்லிமீட்டர் என்பது பல சிறு டோசர்களின் கையேட்டுக் கணக்கு. களியில் வேலை என்றால் அதிலும் சற்று விட்டுப்பிடிப்பார், ஏனென்றால் களி உள்ளே சேரச் சேரச் செயின் தானாக விறைக்கும். அதிகம் விறைத்த செயின் பின்னையும் புஷ்ஷையும் ஐட்லர் பேரிங்கையும் தின்றுவிடும். இரும்பு நீள்வதில்லை, ஆனால் "செயின் நீண்டுருச்சு" என்று சொல்வது பொய்யுமில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட நாற்பது கண்ணிக்கு நாற்பது மில்லிமீட்டர். சிலிண்டரில் ஐட்லர் இனி முன்னால் போக இடமில்லை என்ற நிலை வரும்போது பின்னையும் புஷ்ஷையும் பாதிச் சுற்று திருப்பிப் போட்டு, தேயாத பக்கத்தை வேலைக்குக் கொண்டுவரவேண்டும். அது பெரிய ஒர்க்‌ஷாப் வேலை.

வண்டியை முன்னும் பின்னும் சில அடி ஓட்டச்சொல்லி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்கவிட்டு மறுபடி அளப்பார். பிறகு ரோலர் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். விளிம்பு தேய்ந்த ரோலர் செயினை நேராக வைத்திருக்காது, அடுத்த சரிவில் இதே கதைதான். எது தேய்ந்திருக்கிறது, எதை ஐப்பசிக்கு முன்னால் மாற்றியாகவேண்டும், எது இன்னொரு கோடை தாங்கும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டச்சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். களி ஏறிய பிறகு அந்த நேர்க்கம்பியை மூன்றாம் முறை வைத்துப் பார்த்த பின்புதான் கூலிப் பேச்சு.