வாரந்தோறும் ஒரு குறிப்பு

படித்த நாவல்களைப் பற்றி வாரந்தோறும் ஏட்டில் நான்கு வரி எழுதி வைப்பது, நூலை மட்டுமன்றி வாசகரையும் அளக்கும் பழக்கமாகும். பிறந்த மண்ணை விட்டு வாழும் நாம், ஊர் நினைவை வருடும் கதைகளையே பெரிதும் நாடுகிறோம். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அத்தகையதன்று. 1968-இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைக் கருவாகக் கொண்டு, நாம் நினைந்துருகும் தஞ்சையின் மறுமுகத்தைக் காட்டுவது. ஆதவனின் ‘காகித மலர்கள்’ டில்லி அதிகாரிக் குடும்பத்தின் வேடங்களைக் களைகிறது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1948-ஐ ஒட்டிய ஐதராபாத் கலவரத்தினிடையே ஒரு தமிழ் இளைஞன் நாணி நிலைகுலைவதில் முடிகிறது.

மூன்றுக்கும் ‘நன்று’ என எழுதுவது திறனாய்வன்று. எவ்விடத்தில் சுட்டது, ஏன் சுட்டது என எழுதுவதே திறனாய்வு. ஆண்டிறுதியில் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போமாக. சுட்ட நூல் ஒன்றேனும் அதில் இல்லையெனில், நாம் படித்தது இலக்கியத்தை அன்று, நம் ஏக்கத்தையே.