செவ்வாய்க்கிழமை வராத பிரிண்ட்

கம்ப்யூட்டர் கோளாறுகளில் என்னை மயக்குபவை விட்டுவிட்டு வருபவைதான். சரிபார்க்க உட்கார்ந்தால் ஒழுங்காக ஓடும். எழுந்து போனதும் படுத்துவிடும். அப்படிப்பட்டவற்றைத் துரத்திப் பிடித்த கதைகளில், உபுண்டு லினக்ஸில் 2008-09 வாக்கில் நடந்ததற்கு ஈடாக இன்னொன்றை நான் சொல்லமாட்டேன்.

ஓபன் ஆபீஸிலிருந்து சிலருக்குப் பிரிண்ட் வரவில்லை. மற்ற புரோகிராம்களிலிருந்து வந்தது. மறுநாள் அதே ஓபன் ஆபீஸிலிருந்தும் வந்தது. இடையில் எதையாவது நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தவர், அதனால்தான் சரியாயிற்று என்று நம்பத்தானே செய்வார்? இவ்வகைக் கோளாறின் பெரிய வஞ்சகம் இது: எந்த வைத்தியமும் பலித்ததுபோலவே தோன்றும்.

முடிச்சை அவிழ்க்க வழிகாட்டியவர் ஒருவருடைய மனைவி. செவ்வாய்க்கிழமைகளில் பிரிண்ட் வருவதே இல்லை என்று கணவரிடம் புகார் சொன்னார், செய்தும் காட்டினார். கணவர் அதைச் சிரித்துத் தள்ளாமல் உள்ளே போய்த் தேடினாரே, அங்கேதான் கோளாறைத் துரத்திப் பிடிக்கும் கலையின் உயரம் இருக்கிறது.

அக்காலத்தில் பிரிண்டுக்குப் போகும் ஆவணம் முதலில், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பிரிண்டர் மொழியில் ஒரு ஃபைலாகும். அதன் தலைப்பகுதியில் ஓபன் ஆபீஸ் அன்றைய தேதியை எழுதும். கிழமையின் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம் முன்னால் நிற்கும். பிரிண்டர் டிரைவரின் ஸ்கிரிப்ட், வந்திருப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட்தானா என்று ‘ஃபைல்’ கமாண்டைக் கேட்கும். 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே இருந்த கமாண்ட் அது. இன்ன இடத்தில் இன்ன எழுத்துகள் இருந்தால் இன்ன வகை என்று ஒரு பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும். அந்தப் பட்டியலில் எர்லாங் என்னும் புரோகிராமிங் மொழியின் பழைய ஃபைல் வகை ஒன்றுக்கு அடையாளமாக ஒரு தேதி இருந்தது: 1991 ஜனவரி 22. அன்று செவ்வாய்க்கிழமை.

மணி, நிமிடம், நொடி வரை முழுத் தேதியையும் ஒப்பிட்டிருந்தால் வம்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் இடைவெளி வந்தால், தேடவேண்டிய எழுத்துகள் அதோடு முடிந்தன என்று பொருள். இடைவெளியையும் சேர்த்துத் தேட, அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடவேண்டும். அது விடுபட்டிருந்தது. தேதியில் மிஞ்சியது கிழமையின் மூன்றெழுத்து மட்டுமே. செவ்வாயன்று பிரிண்டுக்குப் போன ஆவணம் எர்லாங் ஃபைல் என்று முத்திரை வாங்கியது. டிரைவர் அதைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக ஏற்கவில்லை. மற்ற புரோகிராம்களின் தலைப்பகுதி வேறு மாதிரி அமைந்திருந்ததால் அந்த எழுத்துகள் அந்த இடத்தில் விழவில்லை.

முறையான திருத்தம் பட்டியலில் அந்தக் கோடுகளைச் சேர்ப்பதுதான். ஆனால் என்னைச் சொக்கவைப்பது அதற்கு முன் போட்ட தற்காலிக ஒட்டு. டிரைவர் ஸ்கிரிப்டில் ஒரு ‘செட்’ (sed) கமாண்ட். தேதி வரியில் கிழமையின் பெரிய ‘டி’யைச் சின்ன ‘டி’ ஆக்கிவிடும், அவ்வளவே. பிரிண்ட் வந்துவிட்டது. நோயை இவ்வளவு சுத்தமாக நிரூபிக்கும் மருந்து அபூர்வம்: எழுத்தை மாற்றினால் கோளாறு போகிறது, பழையபடி வைத்தால் திரும்புகிறது. அடுத்த செவ்வாய்வரை காத்திருக்கவும் வேண்டாம். செவ்வாயன்று உருவான ஃபைல் ஒன்று கையில் இருந்தால் புதன்கிழமையே சோதித்துவிடலாம்.