தாய்மனையும் அம்மன் வாயிலும்
மட்டக்களப்பு வாவிக்கரை ஏதிலியர் வாழ்வு பற்றிய மூன்று ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

துன்பம் வந்துற்ற காலத்து மாந்தர் எதனைப் பற்றிக்கொண்டு உயிர் வாழ்கின்றனர் என்பது பழைய வினா. போரினாலும் கடல்கோளினாலும் ஊர் பெயர்ந்து நகரங்களில் ஒதுங்கிய ஏதிலியரைப் பற்றி எழுதுவோர் இவ்வினாவுக்கு இருவகையாக விடை கூறுவர். அரசும் தொண்டு நிறுவனங்களும் அளித்த முகாமும் உணவுப் பங்கீடும் அவர்களைக் காத்தன என்பர் ஒருசாரார். துன்பத்தைத் தாங்கும் ஆற்றல் அவர்தம் உள்ளத்திலேயே உளது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் போதா என்பதை மட்டக்களப்புத் தமிழகத்தைக் குறித்து வெளிவந்த ஆய்வுகள் மூன்று காட்டுகின்றன. அவற்றின் திறத்தையும் குறைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி அந்நாட்டை இரு கூறாக்கிக் கிடக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்பக்கம் படுவான்கரை. வாவியினிடையே புளியந்தீவில் அமைந்தது நகரம். கச்சேரியும் மருத்துவமனையும் பெரிய கல்லூரிகளும் நகரத்தை அடுத்தே உள்ளன. அமைதிக் காலத்தில் படுவான்கரை நெல்லும் தயிரும் துறை கடந்து கிழக்கே வந்தன; போர்க்காலத்தில் மக்களே துறை கடந்து வந்தனர்.

அவ்வாறு வந்தோர்க்கு முகாம் எப்போதும் காவலாக அமைந்ததில்லை. 1990-ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். செப்டெம்பர் 5-ஆம் நாள் அங்கிருந்து படையினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீண்டிலர். அதற்கு ஒரு திங்கள் முன்னர், ஆகஸ்ட் 3-ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். எல்லைக் கிராமங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள் காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் நெருங்கி வாழலாயினர். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியை அழித்தது. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் போர் நிகழ, ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் மாவட்டத்தினுள் ஏதிலியராயினர். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தேவாலயங்களும் நிரம்பின. எஞ்சியோர் உற்றார் வீடுகளில் ஒண்டினர்.

முதலாவது ஆய்வு அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ் என்பாருடையது. 1990-க்குப் பிற்பட்ட கொடிய ஆண்டுகளில் மட்டக்களப்பிலே தங்கி, அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்லும் பெண்களை அவர் ஆராய்ந்தார். மகனைக் காணாத தாய் முறையிடுதற்கு அஞ்சிய காலம் அது; முறையிட்டாலும் விடை கிட்டாத காலம். அத்தாய் அம்மன் வாயிலை அடைந்து, ‘என் பிள்ளை உயிரோடிருக்கின்றானா?’ என்று கேட்டாள். தெய்வமாடுபவள் அத்தாயின் நோவைத் தன் உடலிலே ஏற்றுப் பலர் முன்னிலையில் அழுதாள். தீமிதிப்பும் முள்ளுக்காவடியும் அக்காலத்தே பெருகின. வாய்திறக்க இயலாத நாட்டிலே வாய்திறத்தற்கு எஞ்சிய ஒரே மன்றமாகக் கோயில் விளங்கிற்று என்பதே அவர் கண்ட உண்மை. மூடநம்பிக்கை என்று கற்றோர் ஒதுக்கிய வழக்கத்தினுள்ளே ஒரு சமுதாயத்தின் சாட்சியம் உறைந்திருந்தது என்று காட்டியமை இவ்வாய்வின் தலைசிறந்த பயன்.

ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. அம்மன் வாக்கு துயரைப் பொதுவாக்கும், அடுப்பில் உலையேற்றாது. வாக்குக் கேட்டு மீளும் தாய் அன்றிரவு எவர் கூரையின்கீழ்த் துயில்வாள் என்னும் வினாவுக்கு விடை வேறிடத்தே தேடற்குரியது.

அவ்விடம் தாய்மனை. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, 2008-இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக விளக்கினார். இந்நாட்டில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே தொடரும். மகள் மணமுடிக்கும்போது வீடு அவளுக்குச் சீதனமாகும். கணவன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் அயலிலே வேறு வீடு கட்டி இளையவளுக்கு ஆக்குவர். இவ்வாறு அக்காள் வளவும் தங்கை வளவும் அடுத்தடுத்து அமைகின்றன. கணவனை இழந்தவள் பிறர் வீட்டிலே தங்கும் கைம்பெண்ணாகாமல், தன் வீட்டிலேயே, தாயும் உடன்பிறந்தாளும் சூழ வாழ்கின்றாள். பிள்ளை அயல்வீட்டில் உண்ணும். கிழவி பேரப்பிள்ளையைப் பார்ப்பாள். ஊரிழந்து வருவோர்க்கும் இவ்வளவே முதற்புகலிடம்.

அரசு இவ்வமைப்பை அறிந்து நடந்ததா? கடல்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மனை கட்டலாகாது என விதிக்கப்பட்டது. நாவலடி மக்கள் பலர் நகரின் வடக்கேயுள்ள திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். புதுவீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கப்பெறுவது பொதுவழக்காயிருந்தது. தலைவர் எனின் ஆடவர் என்றே அலுவலகங்கள் கொண்டன. அரசுக் காணி உரிமத்தின் மரபுரிமையில் மகனுக்கு முதன்மை தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி 2022 வரை திருத்தப்படவில்லை. மகளுக்குச் சீதனமாக வேண்டிய வீடு இவ்வாறு மருமகன் பெயருக்கோ தந்தை பெயருக்கோ மாறும் இடரை மக்கில்வ்ரேயும் லோறன்சும் இணைந்து 2010-இல் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. பட்டியல் முறையிற் பகிரப்படும் வீடுகளில் அக்காள் வளவுக்கு அடுத்தது தங்கை வளவாக அமையும் என்பதற்கும் உறுதியில்லை. ஈகையாக வந்த வீடே துணையைக் குலைக்கக்கூடும் என்பது திட்டமிடுவோர் கற்கவேண்டிய பாடம்.

இவ்விடத்தில் மூன்றாவது ஆய்வு இடைமறிக்கின்றது. இலங்கை அறிஞர் காஞ்சனா ருவன்புர, கிழக்கிலங்கையில் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் சிங்கள, தமிழ், முஸ்லிம் பெண்களை ஆராய்ந்து 2006-இல் நூல் வெளியிட்டார். தாய்வழி மரபு உண்டென்பதனால் பெண்ணுக்கு ஆட்சியுண்டு என்று கருதுதல் மயக்கம் என்பது அவர் துணிபு. வீடு அவள் பெயரில் இருப்பினும் அதிகாரம் ஆடவர் கையிலேயே தங்கியது. இக்கூற்று முன்னைய ஆய்வுகளுக்கு மறுப்பன்று. அவற்றுக்கு வேண்டிய எதிர்நிறை. தாய்மனையைப் புகழ்வோர், அம்மனையில் அடைக்கலம் தருபவள் யார் என்று கேட்டல் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அளவான வீட்டில் மூன்று குடும்பம் ஒதுங்கும்போது, முதலில் எழுந்து இறுதியில் உண்பவள் அவ்வீட்டுக்குரியவளே. நகரத்தில் இச்சுமை மிகும். கிராமத்தில் வளவு உண்டு, கிணறு உண்டு, குளத்து மீன் உண்டு. நகரத்திலோ அரிசியும் விறகும் காசுக்கே கிடைக்கும். உறவின் கை நீளமானதே; எனினும் அதற்கும் எல்லையுண்டு.

உறவே இல்லாத நகரில் நிகழ்ந்தது யாது? 1990-இன் பின் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கொழும்பு சென்று முகாம்களில் ஒதுங்கிய பெண்களிடையே தோன்றியது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். 1993-இல் அது மட்டக்களப்புக்கு மாறிற்று. அறியாதவர்கள் ஒருவரையொருவர் அக்காள் தங்கையராகக் கொண்டு துணை நின்றமைக்கு இது சான்று. வளவு அழிந்த இடத்தும் வளவின் நெறி அழியவில்லை. குருதி உறவைக் கடந்து அது வேறொரு வடிவம் கொண்டது.

மூன்று ஆய்வுகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்துத் தெளிவாவது இதுவே. லோறன்ஸ் துயருக்கு மொழி இருந்ததைக் கண்டார். மக்கில்வ்ரே துயருற்றோர்க்குக் கூரை இருந்ததைக் கண்டார். ருவன்புர அக்கூரையைத் தாங்கிய தோள்களின் நோவைக் கண்டார். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்வோர் பாதி உண்மையே பெறுவர். ‘இம்மக்கள் எதனையும் தாங்குவர்’ என்னும் புகழுரை, உதவவேண்டியோர் தம் கடனைக் கழிப்பதற்குரிய சாக்காக மாறிவிடல் எளிது. தாங்கியோர் பெண்கள், தாங்கியதற்கு விலையும் அவர்களே கொடுத்தனர்.

2009-இல் போர் ஓய்ந்தது. 2014-இல் மண்முனைத் துறையில் பாலம் அமைந்து இரு கரைகளும் இணைந்தன. ஆயினும் காணாமற் போனோரின் தாய்மார் கேட்ட வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. அம்மன் வாயிலில் அன்று கேட்கப்பெற்ற அவ்வினாவுக்கு விடையிறுக்கும் கடன் அம்மனுடையதன்று; அரசினுடையது. அதனை மறவாது படிப்போர்க்கே இவ்வாய்வுகள் முழுப்பயன் தரும்.