வாட் கணக்கும் யூனிட் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஹாம் ரேடியோ சங்கங்கள் பூங்காக்களிலும் குன்றுகளிலும் கூடாரம் அடித்து, 24 மணி நேரம் ஊர் மின்சாரத்தைத் தொடாமல் நிலையம் நடத்துகின்றன. அமெரிக்க ஹாம் ரேடியோ அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். 1933இல் தொடங்கிய இந்த 'ஃபீல்ட் டே' போட்டியாகவும் நடக்கிறது, பேரிடருக்கான ஒத்திகையாகவும் கருதப்படுகிறது. இதற்கு ஜெனரேட்டர் தேடும்போது முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்தான். எல்லா நிலையங்களும் ஒரே நொடியில் முழுச் சக்தியில் அனுப்பினால், கூடவே விளக்கும் காபி மெஷினும் ஓடினால் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, கைக்காவலுக்குக் கொஞ்சம் சேர்த்து, 5,000 வாட் எந்திரத்தில் போய் நிற்கும் வழக்கம் இப்படித்தான் வருகிறது. கூட்டலில் பிழையில்லை, கூட்ட எடுத்துக்கொண்ட எண்ணில்தான் பிழை. பார்க்க வேண்டியது உச்ச வாட்டை அல்ல, நாள் முழுக்கச் செலவாகும் யூனிட்டை. அப்படிப் பார்த்தால் ரேடியோ பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரியை நிரப்புவதே ஜெனரேட்டரின் வேலையாக இருக்க வேண்டும்.

100 வாட் டிரான்ஸ்சீவர் ஒன்று அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 300 வாட் இழுக்கும். ஆனால் அது உச்சம். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியரே போதும், எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் பேசும்போது சொல்லுக்குச் சொல் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு நேரம் அனுப்பும் நிலையத்துக்கு மடிக்கணினியையும் சேர்த்தால் சராசரி 100 வாட்டை ஒட்டித்தான் வரும். 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.4 யூனிட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் அடங்கும். அதன் எடையோ ஒருவர் ஒரு கையில் தூக்கும் அளவுதான். 40 ஆம்பியர் சார்ஜர் அதை இரண்டரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆக, ஒரு முழு நாளுக்கு இருமுறை நிரப்ப எந்திரம் ஓட வேண்டியது ஐந்து மணி நேரம்தான். ஹோண்டா இ.யூ.2200ஐ போன்ற 1,800 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கு அது மூன்று லிட்டர் பெட்ரோல் வேலை. அதே எந்திரத்தை நாள் முழுக்க ஓடவிட்டால், கால் சுமையில் 3.6 லிட்டர் டேங்க் எட்டு மணி நேரம் தாங்கும் என்ற தயாரிப்பாளர் கணக்குப்படி, 10 லிட்டருக்கு மேல் வேண்டும். மூன்று நிலையங்கள் ஒரே எந்திரத்தைப் பகிர்ந்துகொண்டால் இந்த வித்தியாசம் சுருங்கும், ஆனால் மறையாது. எஃப்.டி.8 போன்ற டிஜிட்டல் முறைகளில் சராசரி இன்னும் கூடும்; அப்போதும் 5,000 வாட் தேவைப்படாது.

ஒத்திகையில் இந்த வித்தியாசம் சில நூறு ரூபாய்தானே என்று தோன்றலாம். உண்மையான பேரிடரில் அப்படியல்ல. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்தியபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்காவிலிருந்து ஹாம்கள் அங்கே சென்றார்கள். பெட்ரோல் பங்குகளில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாளுக்கு மூன்று லிட்டரா பத்து லிட்டரா என்பதுதான் நிலையம் எத்தனை நாள் காற்றில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

ரேடியோவை நேராக ஜெனரேட்டரில் மாட்டுவதில் இன்னொரு கெடுதல் நள்ளிரவில் தெரியவரும். டேங்க் காலியாகும் நேரம். எந்திரத்தை அணைத்து, ஆறவிட்டு, பிறகுதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அணைத்தால் எல்லா நிலையங்களும் நின்றுபோகும் என்பதால், ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் சூடான சைலன்சருக்குப் பக்கத்திலேயே கேனைச் சாய்க்கும் ஆசை வரும். பேட்டரி இடையில் இருந்தால் அரை மணி நேரம் ஆறவிட யாரும் தயங்க வேண்டியதில்லை. மழை வந்தால் ஜெனரேட்டரைக் கூடாரத்துக்கு அருகே இழுத்துவைக்கும் நெருக்கடியும் இருக்காது. எந்திரப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. புயலுக்குப் பிந்தைய நாட்களில் ஜெனரேட்டர் புகையால் உயிரிழப்பது அமெரிக்காவில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அனுபவசாலிகள் இதற்கு எழுப்பும் வலுவான மறுப்பு இரைச்சல் பற்றியது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் உள்ளே மின்சாரத்தை நேர்மின்னாக்கி, வேகமாக வெட்டி, மறுபடி மாறுமின்னாகத் தைக்கிறது; அந்த வெட்டலின் எச்சம் 80, 40 மீட்டர் பட்டைகளில் ரிசீவருக்குள் சீறலாக வந்து சேரலாம். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் மாறாமல் ஓடும் பழைய வகையில் இந்த வெட்டல் இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் சுமை ஏறி இறங்கும்போது வோல்டேஜ் ஆடுகிறது, ஸ்பார்க் பிளக் தன் பங்குக்குப் படபடக்கிறது, காதுக்கும் அது பெருஞ்சத்தம். கம்பியை ஃபெரைட் வளையத்தில் பலமுறை சுற்றி, எந்திரத்தை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்தால் இன்வெர்ட்டர் சீறல் பெருமளவு அடங்கும். அதிலும் அடங்காவிட்டால், மெல்லிய சிக்னல்கள் வரும் நேரத்தில் எந்திரத்தையே அணைத்துவிடலாம். நேராக மாட்டியவருக்கு இந்த வழி கிடையாது.

பேட்டரி விலை கூடுதல் என்பதை மறுக்க முடியாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை சார்ஜ் செய்யக் கூடாது என்பதும் குளிர்நாட்டுச் சங்கங்களுக்குப் பெரிய தடை. ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபையர் ஓட்டுபவருக்கு என் கணக்கு பொருந்தாது. அவருக்குப் பெரிய எந்திரமே வேண்டும். உயரமான மலையில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் வலு மூன்றரை சதவீதம் போல் குறைவதால், அங்கே வாட்டையும் சற்றுத் தாராளமாகவே பார்க்க வேண்டும்.

போட்டி விதிகளிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 5 வாட்டுக்குள், பேட்டரியிலோ சூரிய மின்சாரத்திலோ ஓட்டினால் புள்ளி ஐந்து மடங்கு. அந்தப் பேட்டரியை ஜெனரேட்டரில் சார்ஜ் செய்தால் அந்தச் சலுகை போய்விடும். 100 வாட் வரை அனுப்புவோருக்கு இரண்டு மடங்கு. முழுக்க அவசரகால மின்சாரத்தில் ஓடினால் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் 100 புள்ளி போனஸ். அதில் 24 மணி நேரமும் எந்திரத்தை உறுமவிட்டவரும் ஐந்து மணி நேரத்தில் முடித்தவரும் ஒன்றே. எரித்த பெட்ரோலை லிட்டரில் எழுதித் தரச் சொல்லி, குறைத்தவருக்கு அதே போனஸில் ஒரு பகுதியை ஒதுக்கினால், அடுத்த ஜெனரேட்டர் வாங்கும் கூட்டத்தில் சங்கங்கள் யூனிட் கணக்கோடு உட்காரும்.