புள்ளிராஜாவும் இளந்தாயும்

2003-ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தின் சாலையோரப் பலகைகளில் ஒரு கேள்வி தோன்றியது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே கேட்டது. தேநீர்க் கடைகளில் அது கேலிப் பேச்சாகவும் ஆயிற்று. பால்வினை நோயைப் பற்றி வாய் திறவாத சமூகத்தைப் பேச வைப்பது சிறு வேலையன்று. அந்த அளவில் விளம்பரம் வெற்றி பெற்றது எனலாம். ஆனால் சுகாதார விளம்பரம் ஒன்றை எடைபோடும்போது, அது யாரைப் பற்றிப் பேசாமல் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

புள்ளிராஜா பல பெண்களை நாடும் ஆண். அவனுக்கு நோய் வருமா என்பதே கேள்வி. அவனை மணந்த பெண்ணுக்கு வருமா என்று பலகை கேட்கவில்லை. இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதியில். நோயைப் பற்றிய நம் சித்திரம் அன்றே வரையப்பட்டுவிட்டது. ஒருபுறம் விலைமகள், மறுபுறம் அவளிடம் செல்லும் ஆண்; வீட்டிலிருக்கும் மனைவிக்கு அதில் இடமில்லை.

அவளுக்கென்று வேறொரு முழக்கம் வைத்திருந்தோம்: "ஒருவனுக்கு ஒருத்தி." இதன் பலவீனத்தைப் புனே நகர ஆய்வொன்று 1997-லேயே காட்டிவிட்டது. பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களில், பாலியல் தொழிலில் இல்லாதவர்களைத் தனியே சோதித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பேரிடம் வைரஸ் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். முழக்கத்தை அவர்கள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள்தாம்!

காஞ்சிபுரத்தை எண்ணிப் பாருங்கள். மணப்பெண்கள் உடுத்தும் பட்டு அங்கே நெய்யப்படுகிறது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். கரைக்குரிய நாடாவைத் தள்ள நெசவாளியின் அருகே சிறுவனையோ சிறுமியையோ அமர்த்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பள்ளியை விட்டுத் தறிக்கு வந்த பெண்ணை மணமேடைக்கு அனுப்புவதிலும் வீட்டார் அதிக நாள் தாமதிப்பதில்லை. திருமண வயது 18 என்ற சட்டம் 1978 முதல் இருந்தும், பதினாறு பதினேழில் தாயாகும் பெண்கள் இன்னும் உள்ளனர். அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தொற்று இருந்தால், அது பெரும்பாலும் முதற்பேற்றின் குருதிச் சோதனையில்தான் தெரிய வரும். தாயாகப் போகும் செய்தியும் நோய்ச் செய்தியும் சில வார இடைவெளியில் வந்து சேரும்.

வயதும் இங்கே ஒரு காரணி. பதின்ம வயதில் கருப்பை வாயின் வெளிப்பரப்பில் மெல்லிய ஓரடுக்குத் திசு பரந்திருக்கும். வயது ஏற ஏறத்தான் பல அடுக்குத் திசு அதன் இடத்தைப் பிடிக்கும். மெல்லிய திசு வழியே வைரஸ் எளிதில் நுழையும்.

சிகிச்சையின்றி விட்டால் தொற்றுள்ள நூறு தாய்மாரின் குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குக் கருவிலோ, பேற்றின்போதோ, தாய்ப்பாலிலோ வைரஸ் சேரும். தக்க மருந்து தந்தால் இதை 5-க்கும் கீழே கொண்டுவரலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாம் தந்தது என்ன? பேற்று வலி கண்டதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சில சொட்டு மருந்து. மலிவு, எளிது, பல குழந்தைகளைக் காத்தது. ஆனால் அம்மருந்து உடலில் மெல்ல மெல்லக் குறையும். அந்த நாட்களில் வைரஸ் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும். பின்னாளில் தாய்க்கே மருந்து தேவைப்படும்போது அதே இனத்து மருந்துகள் பயன் தராமற்போகலாம். பிள்ளையைக் காக்கும் கருவியாகவே தாயைக் கருதிய திட்டம் அது என்று சொன்னால் தவறில்லை. தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. தொற்றுள்ள கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற விதி நாடு முழுதும் வர 2014 ஆயிற்று.

திட்டத்தின் பெயர் விந்தையானது. பிற நாடுகள் "தாயிடமிருந்து சேய்க்கு" என்று வழங்கியதை இந்தியா "பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு" என்று மாற்றியது. பழி தாய் மேல் மட்டும் விழாதிருக்க எடுத்த நல்ல முடிவு. ஆனால் சோதனைக்கு முதலில் கை நீட்டுபவள் அவளே. முதலில் அறிபவளும் அவளே என்பதால், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என்ற பெயரும் அவளுக்கே வந்து சேர்கிறது.

2020 ஊரடங்கில் பேருந்துகள் நின்றபோது, பல மாத மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுக்கும் முறை கைகொடுத்தது. அறிவியல் நோக்கில் சரியான முடிவு. மாமியார் கண்ணில் படாமல் ஒரு புட்டியை ஒளிக்கலாம். மூன்றை எங்கே ஒளிப்பது?

சட்டத்தையும் பார்ப்போம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதைப் பாராட்ட வேண்டும். நோயுற்ற குடும்பத்தை நடத்தும் 12 வயதுப் பிள்ளை தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலர் ஆகலாம் என்றுகூட அது சொல்கிறது. ஆனால் பதினேழு வயதுத் தாய் தனக்கே பாதுகாவலர் ஆக முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டப்படி, மணமான சிறுமிக்கு இயற்கைப் பாதுகாவலர் அவள் கணவன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமோ, 18 நிறையாத பெண் கருவுற்றிருப்பதை அறியும் மருத்துவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்த அச்சத்தால் வயதைக் கூட்டிச் சொல்வோரும், மருத்துவமனைப் பக்கமே வராதோரும் உண்டு. வராதவளுக்குச் சோதனையும் இல்லை, மாத்திரையும் இல்லை.