கன்சோல் வாங்கியாச்சு, சார்ஜுக்கு என்ன வழி?

பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள் 1,560 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்ட்ரோலரின் பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்தால் உள்ளே வெறும் குழிதான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே டபுள் ஏ செல் இரண்டை அதில் போட வேண்டும். அரை லட்ச ரூபாய்க் கருவிக்கு ரிமோட் பேட்டரியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஜேசன் ரொனால்ட் 2020-இல் இதற்கு விளக்கம் சொன்னார்: இந்த விஷயத்தில் விளையாடுபவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள், மாற்றிப் போடும் செல்தான் வேண்டும் என்று கேட்கும் கூட்டமும் பெரிது.

அந்தக் கூட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒரு ஜோடி செல்லில் 40 மணி நேரம் வரை ஓடும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. டூயல்சென்ஸை முழுக்க சார்ஜ் ஏற்றினாலும், விளையாட்டைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது சார்ஜ் கேட்டுக் கெஞ்சத் தொடங்கிவிடும்.

சோனி சின்ன பேட்டரியைப் போட்டு ஏமாற்றிவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. அதன் 3.65 வோல்ட்டை 1,560 எம்ஏஎச்சால் பெருக்கினால் சுமார் 5.7 வாட்-மணி. எக்ஸ்பாக்ஸில் போடும் 2,000 எம்ஏஎச் ரீசார்ஜபிள் செல் இரண்டில் இருப்பதோ 4.8 வாட்-மணி. நின்டெண்டோ ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலரிலும் 1,300 எம்ஏஎச்தான். அதையும் வாட்-மணியாக்கினால் ஏறக்குறைய அதே 4.8 வருகிறது. அதை வைத்துக்கொண்டு நின்டெண்டோ 40 மணி நேரம் என்கிறது. மூன்றில் பெரிய பேட்டரி சோனியுடையதுதான், செலவாளியும் அதுவேதான். கைப்பிடிகளில் துல்லியமாக அதிரும் மோட்டார்கள், இரண்டு ட்ரிகர்களிலும் விரலை எதிர்த்துத் தள்ளும் மோட்டார்கள், ஸ்பீக்கர், மைக், டச்பேடைச் சுற்றி விளக்கு என எல்லாம் அந்த 5.7-இலிருந்துதான் பிழைக்க வேண்டும். கன்சோலோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை விளையாடிப் பார்த்தால், மணலில் நடப்பதும் கண்ணாடியில் நடப்பதும் உள்ளங்கையில் வேறு வேறாகத் தெரியும். அந்த மாயத்துக்கான கட்டணத்தை பேட்டரிதான் கட்டுகிறது.

அதனால் பிஎஸ்5 வீட்டுக்கு முதல் ‘ஆக்சசரி’ இலவசம். செட்டிங்ஸில் ஆக்சசரீஸ் பகுதிக்குப் போய் அதிர்வையும் ட்ரிகர் எஃபெக்டையும் ஒரு படி குறைத்துவிடலாம். விளக்கின் வெளிச்சத்தையும் மங்கலாக்கலாம். சும்மா கிடக்கும் கன்ட்ரோலர் பத்து நிமிடத்தில் தானாக அணையும்படி பவர் சேவிங்கில் வைத்துவிட்டால், சாப்பிடப் போய் வருவதற்குள் வீணாகும் சார்ஜ் மிச்சம். அதிர்வை முழுக்க அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் டூயல்சென்ஸுக்குக் கொடுத்த காசே அந்த அதிர்வுக்காகத்தானே!

எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு இங்கேதான் கடைக்குப் போகும் வேலை ஆரம்பிக்கிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான சிவப்பு செல் பெரும்பாலும் ஜிங்க்-கார்பன் வகை. கடிகாரம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிப்பதால் அதற்கு அது ஒரு வருடம்கூடத் தாங்கும். அதிரும் மோட்டாருக்குத் தாங்காது. ஆல்கலைன் நன்றாகவே ஓடும். ஆனால் விடுமுறையில் தினமும் விளையாடும் வீட்டில் குப்பைக்கூடையும் நன்றாகவே நிறையும். நீண்ட நாளுக்குக் கணக்குப் போட்டால் வாங்க வேண்டியது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு, அதாவது கடைகளில் ‘என்ஐஎம்எச்’ என்று அட்டையில் போட்டிருக்கும் ரீசார்ஜபிள் செல்.

இந்த வகைக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது. சார்ஜ் ஏற்றி மேஜை அறையில் வைத்தால் சில மாதங்களில் தானே வடிந்துவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், ஏற்றிய சார்ஜைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும் செல்லைக் கொண்டுவந்தது. சான்யோ பின்னர் பானாசோனிக் கைக்குப் போனது. இன்று எனலூப் விற்பது பானாசோனிக் பெயரில். வெள்ளை உறை போட்டது 2,000 எம்ஏஎச், கறுப்பு உறை போட்ட ‘ப்ரோ’ 2,500. கறுப்புதான் உசத்தி என்று கை தானாக அதன்மேல் போகும். அட்டையில் அச்சிட்டு வந்த இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். வெள்ளையை 2,100 முறை வரை ரீசார்ஜ் செய்யலாம், ப்ரோவை 500 முறைதான் என்று பல வருடம் போட்டிருந்தார்கள். சில மணி நேரக் கூடுதல் ஆட்டத்துக்காக ஆயுளில் இவ்வளவு விட்டுக்கொடுப்பது கன்ட்ரோலருக்குத் தேவையில்லாத வியாபாரம். வெள்ளையே போதும். நான்கு செல் வாங்கினால் இரண்டு கன்ட்ரோலரில், இரண்டு சார்ஜரில். தீர்ந்தவுடன் மாற்றிப் போட ஒரு நிமிடம் ஆகாது, வயர் எதுவும் சோபாவைத் தாண்டி நீளாது.

‘ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தானே, ஆல்கலைன் 1.5 ஆயிற்றே’ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருவது. ஆல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும் அங்கே நிற்பதில்லை. இறங்கிக்கொண்டே போய் ஆயுளின் பின்பாதியில் 1.2-க்கும் கீழே வந்துவிடும். ரீசார்ஜபிள் 1.2-ஐ ஒட்டியே கடைசிவரை நடந்து, பிறகு சட்டென்று விழும். கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒன்றுதான். திரையில் தெரியும் பேட்டரி அளவு மட்டும் கொஞ்சம் குழப்பும்.

இணையக் கடைகளில் 4,800 எம்ஏஎச், 9,900 எம்ஏஎச் என்று எழுதிய டபுள் ஏ செல்கள் கண்ணில் படும். அதை வடிவேலு காமெடியாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். அந்த உருவத்தில் நல்ல நிக்கல் செல்லே 2,500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இன்னொரு புதுவரவு, யுஎஸ்பி-சி துளையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ. இதில் கொள்ளளவை எம்டபிள்யூஎச்சில், அதாவது மில்லிவாட்-மணியில் எழுதுகிறார்கள். 3,000 எம்டபிள்யூஎச் என்றால் 2,000 எம்ஏஎச்தான். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் வோல்டேஜைக் கடைசிவரை 1.5-இலேயே பிடித்து வைக்கும். அதனால் எக்ஸ்பாக்ஸ் திரை ‘ஃபுல்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆட்டத்தின் நடுவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கன்ட்ரோலர் செத்துவிடும். கடைசி ஓவரில் அது நடந்தால் வீட்டில் சண்டைதான். இந்த லித்தியம் செல்லைத் தப்பித் தவறியும் நிக்கல் சார்ஜரில் செருகக் கூடாது.

செல்லைவிட சார்ஜரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மலிவு சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். ஒரு செல் பாதி, இன்னொன்று காலி என்றாலும் இரண்டுக்கும் ஒரே அளவு ஊட்டும். பாதியில் இருந்த செல் நிறைந்த பிறகும் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் அதன் ஆயுளைத் தின்னும். ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருக்கிறதா, நிறைந்ததும் தானே நிறுத்துகிறதா என்பதை மட்டும் அட்டையில் பார்த்தால் போதும். எதற்கும் எந்த செல்லுக்கு எது ஜோடி என்று பேனாவால் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஜோடியைப் பிரிக்காமல் பயன்படுத்துவது நல்லது.

இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு ரீசார்ஜபிள் பேட்டரியை யுஎஸ்பி-சி கேபிளோடு விற்கிறது. சுமார் 30 மணி நேரம் ஓடும், நான்கு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். வசதிதான். ஆனால் அது ஓய்ந்துபோனால் மறுபடி அதையேதான் தேட வேண்டும், டபுள் ஏ மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காது. சாதாரண ரீசார்ஜபிள் செல்லைப் போட்டுக் கன்ட்ரோலரில் கேபிளைச் செருகினால் உள்ளேயே சார்ஜ் ஏறிவிடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஏறாது. கன்ட்ரோலர் கேபிள் மின்சாரத்தில் ஓடும், அவ்வளவுதான். செல் இல்லாமலும் அப்படி ஓடும் என்பது அவசரத்துக்கு உதவும்.

இனி பிஎஸ்5 பக்கம். ‘67 வாட் சார்ஜர் போடுங்க சார், பத்து நிமிஷத்துல ஏறிடும்’ என்று கடையில் சொல்வார்கள். டூயல்சென்ஸ் கேட்பது 5 வோல்ட், அதிகபட்சம் 1.5 ஆம்பியர். ஏழு வாட்டுக்கு மேல் சொச்சம். அதற்கு மேல் எத்தனை வாட் சார்ஜரைக் கொண்டுவந்தாலும் அது தன் பங்கை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். முழுக்க ஏற சுமார் மூன்று மணி நேரம் என்பது மாறாது. நல்ல கம்பெனி ஃபோன் சார்ஜர் வீட்டில் இருந்தால் அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

வாங்க வேண்டியது கேபிள். பெட்டியில் வருவது குட்டை. சோபாவிலிருந்து டிவி ஸ்டாண்டுக்கு எட்டாது. மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்று வாங்கும்போது, டேட்டாவும் போகும் கேபிளா என்று கேட்டு வாங்க வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு கேபிளில் கன்ட்ரோலர் ஆரஞ்சு நிறத்தில் சமர்த்தாகச் சிமிட்டும், ஆனால் கன்சோலோடு இணையாது. நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய் அவருடைய கன்சோலில் விளையாடிவிட்டுத் திரும்பியபின் இந்த வித்தியாசம் தெரியவரும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கும் முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது உத்தமம்.

கன்சோலை ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு அதன் யுஎஸ்பி துளையிலேயே இரவில் சார்ஜ் போடுவது சோனி சொல்லும் வழி. கரண்ட் கட் அடிக்கடி வரும் ஊரில் இது சரிப்படாது. ரெஸ்ட் மோடில் இருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை கன்சோல் கண் விழித்ததும் சரியாக அணைக்கவில்லை என்று குற்றம் சாட்டிவிட்டு ஸ்டோரேஜைச் சோதிக்க உட்கார்ந்துவிடும். கன்சோலை முழுதாக அணைத்துவிட்டு கன்ட்ரோலரைச் சுவர் பிளக்கில் போடுவதே நிம்மதி.

சோனியின் சார்ஜிங் ஸ்டேஷனும் தன் சொந்த அடாப்டரில் ஓடுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. கன்ட்ரோலரின் அடியில், ஹெட்ஃபோன் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன உலோகத் தொடுமுனைகள் வழியாக அது ஏற்றுகிறது. யுஎஸ்பி-சி துளையில் தினமும் குத்திக் குத்தி எடுக்கும் தேய்மானம் இல்லை. இரண்டு கன்ட்ரோலர் உள்ள வீட்டில், அதுவும் வாண்டுகள் இருக்கும் வீட்டில், காசுக்குத் தகுந்த பொருள். ஒற்றைக் கன்ட்ரோலருக்கு அது வெறும் அலங்காரம். யுஎஸ்பி-சி துளையில் குட்டி டாங்கிள் ஒன்றைச் செருகி வைத்து நிற்கவைக்கும் மலிவுத் தட்டுகள் சாய்ந்து விழுந்தால், துளையும் சேர்ந்து நெளியும்.

சில வருடம் கழித்து டூயல்சென்ஸ் பேட்டரி தளர்ந்தால் கன்ட்ரோலரையே தூக்கிப் போட வேண்டியதில்லை. எல்1, ஆர்1 பட்டன்களையும் முன்பக்கக் கறுப்புச் சட்டத்தையும் பக்குவமாக நெம்பி எடுத்தால் நான்கு ஸ்க்ரூ. பேட்டரி உள்ளே கனெக்டரில்தான் மாட்டியிருக்கும், சால்டரிங் கிடையாது. மொபைல் சர்வீஸ் கடைக்காரருக்கு இது சில நிமிட வேலை. எல்ஐபி1708 என்ற எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். அதே அளவில், இரண்டு மடங்கு எம்ஏஎச் என்று விற்பதை நம்ப வேண்டாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் நேரடி விற்பனையில் இல்லை. துபாய், சிங்கப்பூர் வழியாக வருகிறவைதான். அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் பிளக்கின் கால்களை மாற்றும் கன்வர்ட்டர் மட்டும் போதும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. எச்சரிக்கை வேண்டியது டாக்கில். டிவியில் விளையாட அந்த டாக் கேட்பது 15 வோல்ட், 2.6 ஆம்பியர். 2018-இல் 5.0 அப்டேட் வந்தபின் வெளி நிறுவனம் ஒன்றின் மலிவு டாக்கில் செருகிய பல ஸ்விட்சுகள் மீளாமல் செத்துப்போனது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கன்ட்ரோலருக்கு யார் சார்ஜர் வேண்டுமானாலும் சரி, ஸ்விட்ச் டாக்குக்கு மட்டும் ஒரிஜினல்.

கரண்ட் கட் பேச்சு வந்ததால் யுபிஎஸ்ஸையும் சொல்லிவிடலாம். பிஎஸ்5 பெரிய விளையாட்டுகளில் 200 வாட்டை ஒட்டி இழுக்கும். 43 இன்ச் டிவியைச் சேர்த்தால் 300 வரும். கம்ப்யூட்டருக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். சேவ் செய்துவிட்டு அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல. வீட்டு இன்வர்ட்டரில் இணைப்பதாக இருந்தால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் தேவையில்லை, சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நல்லது.

மீதிப் பொருட்களில் பெரும்பாலானவை காசைக் கரைக்கத்தான். கன்சோலின் முதுகில் மாட்டும் கூலிங் ஃபேன் வேண்டாம். உள்ளே 120 மில்லிமீட்டர் ஃபேன் ஏற்கெனவே சுற்றுகிறது. சோனி குறிப்பிடும் வெப்ப உச்சவரம்பு 35 டிகிரி என்பதால், மே மாதச் சென்னையில் கன்சோலுக்குத் தேவை மூடிய அலமாரியிலிருந்து விடுதலைதான். காதில் மாட்டும் ப்ளூடூத் இயர்பட்ஸ் பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் நேரடியாக இணையாது. பழைய 3.5 மிமீ வயர் இயர்ஃபோனை கன்ட்ரோலரில் செருகினால் மைக்கோடு வேலை செய்யும். கையில் பணம் மிஞ்சினால் பிஎஸ்5-க்கு எம்.2 எஸ்எஸ்டி வாங்கலாம். நொடிக்கு 5,500 எம்பி வேகம் என்பது சோனியின் பரிந்துரை, ஹீட்சிங்க் கட்டாயம், அதையும் சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மூடி மூடாது.

கன்ட்ரோலரின் நடுமூட்டு விரிந்து இடைவெளி தெரிந்தாலோ, டச்பேட் அழுத்த முடியாமல் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதன்பின் ஒரு முறைகூட சார்ஜில் போடாதீர்கள், பேட்டரியைக் கத்தியால் நெம்பவும் செய்யாதீர்கள். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தெருக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.