சொந்த மைதானம் இல்லாத அணிகள்

ஹாக்கி இந்தியா லீக்கில் ராஞ்சி நகரத்தின் பெயரில் இதுவரை மூன்று ஆண்கள் அணிகள் வந்திருக்கின்றன. 2013-இல் நடந்த முதல் சீசனிலேயே ராஞ்சி ரைனோஸ் கோப்பையை வென்றது. 2015 சீசனில் அந்த அணி இல்லை. மகேந்திர சிங் தோனியும் சஹாரா குழுமமும் சேர்ந்து நடத்திய ராஞ்சி ரேஸ் அதன் இடத்துக்கு வந்து, அதே ஆண்டில் கோப்பையையும் வென்றது. 2017-க்குப் பிறகு லீக்கே நின்றுபோனது. 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது ஆண்கள் பிரிவில் ராஞ்சிக்கு அணி கிடையாது. 2026 சீசனுக்கு ராஞ்சி ராயல்ஸ் வந்தது. ஊர் ஒன்று, அணிகள் மூன்று, கோப்பைகள் இரண்டு. அந்த இரண்டு கோப்பைகளையும் தன் வரலாறு என்று உரிமை கொண்டாட இன்று எந்த அணிக்கும் வழியில்லை.

மற்ற ஊர்களின் கதையும் இதுதான். பஞ்சாப் வாரியர்ஸ் போய் சூர்மா வந்தது. டெல்லி வேவ்ரைடர்ஸ் போய் எஸ்.ஜி. பைப்பர்ஸ் வந்தது. உத்தரப் பிரதேச விஸார்ட்ஸ் போய் ருத்ராஸ் வந்தது. ருத்ராஸும் ஒரே சீசனோடு விலகிக்கொள்ள, 2026-இல் லீக்கின் நிர்வாகக் குழுவே ஓர் அணியைத் தன் பொறுப்பில் இறக்க வேண்டியதாயிற்று. விசாகப்பட்டினத்தைத் தளமாகச் சொல்லிக்கொண்ட டீம் கோனாசிகாவும் ஒரே சீசனில் மறைந்தது. மும்பைக்கு மேஜிஷியன்ஸ், தபாங் மும்பை என்று இரண்டு அணிகள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை.

ஒரு லீக் புதிய ஊர்களுக்குப் பரவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓர் ஊரில் நிலைக்காத அணி வேறு ஊருக்குப் போவதும் தவறில்லை. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்க நம் லீக் கையாளும் அளவுகோல் தவறானது. பணம் போட யார் முன்வருகிறாரோ அவரை வைத்து அணி முடிவாகிறது. ஊரின் பெயர் அதன்பிறகு ஒட்டப்படுகிறது. ஆட்டம் எங்கே உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

முதலில் இந்த முறையின் நன்மைகளைச் சொல்லியாக வேண்டும். அவை சிறியவை அல்ல. ஹாக்கி வீரனுக்கு ரயில்வே, காவல்துறை, வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று வேலை தேடுவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத நாட்டில், ஆட்டத்துக்கென்றே பணம் தந்தது லீக்தான். முதல் ஏலத்தில் சர்தார் சிங்கை டெல்லி அணி 78,000 டாலருக்கு எடுத்தது. குடகைச் சேர்ந்த வி.ஆர். ரகுநாத்தை உத்தரப் பிரதேச அணி 76,000 டாலருக்கு எடுத்தது. ஜலந்தரை அடுத்த மிட்டாபூரில் பிறந்த மன்தீப் சிங் பதினெட்டு வயதில் ராஞ்சி ரைனோஸுக்கு ஆடினார். அதே ஆண்டில் இந்திய அணிக்குள் வந்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்ற அணிகளில் இருந்தார். 2024-25 சீசன் விதிப்படி 24 பேர் கொண்ட ஆண்கள் அணியில் நான்கு ஜூனியர்கள் கட்டாயம். உலகின் தலைசிறந்த ஜெர்மானிய, டச்சு வீரர்களோடு ஒரு மாதம் ஒரே உடைமாற்றும் அறையில் இருப்பது பதினெட்டு வயதுப் பையனுக்கு எந்தப் பயிற்சி முகாமும் தர முடியாத பாடம். 2025 ஜனவரியில் பெண்களுக்கான லீக்கும் முதன்முறையாக நடந்தது. நான்கே அணிகள்தாம் என்றாலும் அந்தத் தொடக்கம் மதிக்கத்தக்கது.

புதிய ஊருக்குப் போனதில் லீக் கண்ட மிகப் பெரிய வெற்றி ஒடிசா. 2014-இல் ஆறாவது அணியாகக் கலிங்கா லான்சர்ஸ் சேர்ந்தது. அதை அன்று நடத்தியவை ஒடிசா அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகமும் மகாநதி நிலக்கரி நிறுவனமும். 2017-இல் கோப்பையை வென்றது. லீக் நின்று மீண்டு வந்தபோது உரிமையாளர் மாறினார், வேதாந்தா வந்தது; ஆனால் கலிங்கா லான்சர்ஸ் என்ற பெயர் மாறவில்லை. பழைய அணிகளில் இப்படிப் பெயர் தப்பியது இந்த ஓர் அணிக்குத்தான்.

ஒடிசாவில் ஏன் வேர்பிடித்தது என்று பார்த்தால் பணம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சுந்தர்கர் மாவட்டத்திலும் எல்லையைத் தாண்டி ஜார்க்கண்டின் சிம்டேகா, கூன்டி பகுதிகளிலும் பழங்குடிக் கிராமங்களில் இன்றும் ஆட்டுக்கிடாவைப் பரிசாக வைத்து ஹாக்கிப் போட்டி நடக்கிறது. வெட்டியெடுத்த மூங்கிலே மட்டை, அறுவடை முடிந்த வயலே மைதானம். வென்ற ஊர் அன்றிரவு கிடாவைச் சமைத்துப் பகிர்ந்து உண்ணும். திலீப் திர்க்கி, லாசரஸ் பர்லா, அமித் ரோகிதாஸ் ஆகியோர் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். அரசு அந்த மண்ணின்மேல்தான் பணத்தைக் கொட்டியது. 2018 உலகக் கோப்பை புவனேஸ்வரில் நடந்தது. 2023-க்கு ரூர்கேலாவில் சுமார் 20,000 பேர் அமரும் பிர்சா முண்டா மைதானம் எழும்பியது. ஆட்டம் ஏற்கெனவே இருந்த ஊருக்குப் பணம் போனது, அணி நிலைத்தது.

இனி குறைகள். முதலாவது, மீண்டும் தொடங்கியபோது லீக்கில் சொந்த மைதானம் என்ற ஒன்றே இல்லை. 2024-25 சீசனின் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் மட்டுமே நடந்தன. தமிழ்நாடு டிராகன்ஸ் ஆடியது அங்கே. ஐதராபாத் தூஃபான்ஸ் ஆடியதும் அங்கே. இறுதிப் போட்டியில் வங்காள அணி ஐதராபாத்தை 4-3 என்று வென்றது. எந்த ஆண்டிலும் பேசப்பட வேண்டிய ஆட்டம் அது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் கொல்கத்தாக்காரர்களும் அல்ல, ஐதராபாத்காரர்களும் அல்ல. அரியலூரின் கார்த்தி செல்வம் டிராகன்ஸ் சட்டை போட்டு ஓடியதை அரியலூர்ப் பையன் தொலைக்காட்சியில்தான் பார்த்தான். ஒளிபரப்புச் செலவும் பயணச் செலவும் குறையும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையைப் பின்னால் கொடுக்க வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் ஆடாத அணிக்குச் சொந்த ஊரில் ரசிகர் சேரமாட்டார். ரசிகர் இல்லாத அணிக்கு உள்ளூர் விளம்பரதாரர் கிடைக்கமாட்டார். இரண்டும் இல்லாத உரிமையாளர் ஒரு சீசன் பார்த்துவிட்டுக் கையை உதறிவிடுவார்.

இது புதிய நோயும் அல்ல. 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கின் முதல் சீசன் முழுக்க ஐதராபாத்தில் நடந்தது; சென்னை வீரன்ஸும் பெங்களூரு அணியும் அங்கேதான் ஆடின. நான்கு சீசன்களில் அது முடிந்தது. 2012-இல் வந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி அணிகளை ஊர் ஊராக ஆடவைத்தது. சென்னைக்குச் சீட்டாஸ், கர்நாடகத்துக்கு லயன்ஸ் என்று அணிகளும் தந்தது. ஆனால் இந்திய ஹாக்கியின் இரண்டு கூட்டமைப்புகளுடைய அதிகாரச் சண்டையில் சிக்கி ஒரே சீசனோடு நின்றது. அதாவது, உள்ளூர் ஆட்டம் என்ற நல்ல வழியை நாம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். 2026 சீசனில் சென்னை, ராஞ்சி, புவனேஸ்வர் என்று மூன்று ஊர்களுக்கு ஆட்டங்களைப் பிரித்தது அந்த வழியில் திரும்ப வைத்த முதல் அடி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் டிராகன்ஸ் ஆடுவதும் ரூர்கேலாவில் ஆடுவதும் ஒன்றல்ல.

இரண்டாவது குறைதான் எனக்கு அதிகம் வலிப்பது: ஆட்டம் உயிரோடு இருக்கும் ஊர் விடுபட்டுப்போவது. கர்நாடகத்தின் குடகு மலைகளைப் பாருங்கள். எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா, எம்.எம். சோமையா, அர்ஜுன் ஹாலப்பா, எஸ்.வி. சுனில், ரகுநாத் என்று அந்த ஒரு சிறிய மாவட்டம் இந்திய அணிக்குக் கொடுத்த பெயர்களை எண்ணி மாளாது. இந்திய ஆண்கள், பெண்கள் அணிகளின் பயிற்சி முகாம் ஆண்டின் பெரும்பகுதி நடப்பது பெங்களூருவில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில். இருந்தும் 2013 முதல் இன்றுவரை ஹாக்கி இந்தியா லீக்கில் கர்நாடகத்துக்கு ஓர் அணி அமைந்ததில்லை. ரகுநாத் உத்தரப் பிரதேசத்துக்கு ஆடினார். சுனில் பஞ்சாபுக்கு ஆடினார்.

குடகில் கோடைதோறும் நடக்கும் கொடவக் குடும்ப ஹாக்கி விழாவை ஒருமுறை நேரில் பார்ப்பவர் லீக்கின் தவறு எங்கே என்று தானே புரிந்துகொள்வார். 1997-இல் பாண்டண்ட குட்டப்பா கரடா கிராமத்தில் இதைத் தொடங்கியபோது 60 குடும்பங்கள் ஆடின. 2024-இல் நாபோக்லுவில் 360 குடும்பங்கள் ஆடி, விழா கின்னஸ் பதிவில் ஏறியது. அணி என்பது குடும்பம். சட்டையின் முதுகில் குடும்பப் பெயர். ஒலிம்பிக் ஆடியவரும் பள்ளிக்கூடப் பெண்ணும் தலை நரைத்த பெரியப்பாவும் ஒரே அணியில் இறங்குவார்கள். காப்பித் தோட்ட வேலையை முடித்துவிட்டு வந்த கூட்டம் தற்காலிக மேடைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பந்து வட்டத்துக்குள் போகும்போதெல்லாம் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூவும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பம் செலவையும் பொறுப்பையும் ஏற்று விழாவை நடத்துகிறது. போட்டி ஊர் ஊராக நகர்கிறது; அணி ஒருபோதும் இடம் மாறுவதில்லை. நம் லீக் இதற்கு நேர்மாறு: போட்டி ஒருசில ஊர்களில் உட்கார்ந்திருக்கிறது, அணிகள் இடமும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

வெளியிலிருந்து வரும் ஒன்று புதிய ஊரில் நிலைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் மேல்கோட்டையே அதற்குச் சாட்சி. சோழ நாட்டை விட்டு வந்த இராமானுசர் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கித் திருநாராயணர் வழிபாட்டை நிலைநிறுத்தினார் என்பது வைணவ மரபு. திருக்குலத்தார் என்று அவர் அழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் வரும் உரிமையை அன்றே தந்தார் என்றும் அந்த மரபு சொல்கிறது. வந்தவர் மண்ணின் மக்களுக்குப் பங்கு கொடுத்தார், வந்தது தங்கியது. அங்குள்ள மண்டயம் ஐயங்கார் வீடுகளில் இன்றும் தமிழ் பேசப்படுகிறது. கோயிலின் வைரமுடி உற்சவத்துக்கு மாவட்டமே திரள்கிறது. ஓர் ஊருக்குப் புதிதாகப் போகும் விளையாட்டு அணியும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஊர்க்காரருக்கு இதில் என்ன பங்கு?

வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல். இந்தக் கேள்விக்கு நல்ல விடையும் கெட்ட விடையும் சொல்லியிருக்கிறது. 2017-இல் லாஸ் வேகாஸில் புதிய அணி தொடங்க உரிமையாளர் 50 கோடி டாலர் கட்டினார். அவ்வளவு பணம் கட்டியவர் ஒரே சீசனில் ஓடிவிட முடியாது. மற்ற அணிகளிலிருந்து தரமான வீரர்களை எடுக்கவும் லீக் விதி வகுத்தது. அந்த அணி முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்கு வந்தது. 2023-இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. மறுபக்கம், 1995-இல் கியூபெக் நகரத்தின் நார்டீக்ஸ் அணி கொலராடோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது. கியூபெக் மக்கள் 2015-இல் பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டி வைத்தும் அணி திரும்பி வரவில்லை. அட்லாண்டா இரண்டு முறை அணியைப் பெற்று இரண்டு முறையும் கனடாவுக்கு இழந்தது. 1996-இல் வின்னிபெக்கிலிருந்து அரிசோனா பாலைவனத்துக்குப் போன அணி, கடைசியில் ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத கல்லூரி அரங்கில் ஆடி, 2024-இல் யூட்டாவுக்குப் போனது. சந்தை பெரிது என்பதற்காகப் போன இடத்தில் ஆட்டம் தங்காது. போகிற இடத்தில் முதலீடும் மைதானமும் மக்களும் ஒன்றுசேர்ந்தால்தான் தங்கும்.

ஆகவே ஹாக்கி இந்தியா செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கையாவது தன் மாநிலத்தில் ஆட வேண்டும். அணியின் பெயரும் வென்ற கோப்பைகளும் ஊருக்குச் சொந்தம், உரிமையாளருக்கு அல்ல என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கலிங்கா லான்சர்ஸ் அதற்கு முன்மாதிரி. கட்டாயம் சேர்க்க வேண்டிய ஜூனியர்களில் இருவராவது அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும். கோவில்பட்டிப் பையனுக்குத் தமிழ்நாடு அணியில் வாசல் திறந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் விலகும் உரிமையாளர் கட்டிய வைப்புத்தொகையை இழக்க வேண்டும். அந்தத் தொகை அந்த ஊரின் ஹாக்கிப் பள்ளிகளுக்கே போக வேண்டும்.

உரிமையாளர்களை இப்படி நெருக்கினால் யாரும் முன்வரமாட்டார்கள் என்ற வாதம் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. கிரிக்கெட் அல்லாத விளையாட்டில் பணம் போடுபவர் இங்கே அரிது. ஆனால் எளிதாக உள்ளே விடப்பட்டவர்கள் எளிதாகவே போய்விட்டார்கள் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். எட்டு அணிகள் ஆண்டுக்கு ஒரு பெயரில் வருவதைவிட, ஆறு அணிகள் இருபது ஆண்டுகள் நிற்பது மேல்.

அடுத்த விரிவாக்கம் எப்போது வந்தாலும் கர்நாடகத்துக்கு ஓர் அணி தரப்பட வேண்டும். அதன் ஆட்டங்களில் சில பெங்களூரிலும் சில குடகிலும் நடக்க வேண்டும். ரசிகர்களை அங்கே புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 1997 முதல் அவர்கள் தங்கள் குடும்ப அணிகளுக்காக மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.